‘மறுகா என்ன?’ வகுப்பறையில் பிள்ளைகளை எழுத வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

‘மறுகா’ என்றால் இந்தப் பக்கத்துப் பேச்சில் ‘பிறகு’. தரம் 6 முதல் 9 வரை, வகுப்பில் 35 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம் என்ற கணக்கில் இது எழுதப்பட்டிருக்கிறது. உதாரணங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு ஏற்றவை. உதாரணங்களை உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றலாம். படிகளின் ஒழுங்கை மட்டும் மாற்ற வேண்டாம்.

புதிதாக வரும் ஆசிரியர் வழக்கமாகச் செய்வது இதுதான்: கரும்பலகையில் தலைப்பு, ‘ஒரு பக்கம் எழுதுங்க’ என்று ஒரு சொல், மறுநாள் சிவப்புப் பேனை. இடையில் இருக்கவேண்டிய வேலைகள் எல்லாம் விடுபட்டுப் போகின்றன. ‘கொப்பியை வீட்ட மறந்திட்டன் சேர்’ என்ற பதில் பிறப்பதும் அந்த இடைவெளியில்தான்.

1. முன்கூட்டியே ஒழுங்கு செய்யவேண்டியவை

ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பக்க ஒற்றை ரூல் கொப்பி ஒன்று, எழுதுவதற்கென்றே தனியாக வேண்டும். தமிழ்ப் பாடக் கொப்பி மேற்பார்வைக்குப் போவது, அழகாக இருக்கவேண்டியது. வெட்டலும் கிறுக்கலும் அங்கே வாழ முடியாது. இந்தக் கொப்பியின் மட்டையில் ‘முதல் வரைவுக் கொப்பி. பிழைகள் பிறகு திருத்தப்படும்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஆசிரிய ஆலோசகரோ பெற்றோரோ திறந்து பார்த்து, ‘பிழையைக்கூடத் திருத்தல்லையே’ என்று கேட்கும் நாளில் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

ஒரு வரி விட்டு ஒரு வரியில்தான் எழுதவேண்டும். வெறும் வரி திருத்தி எழுதுவதற்கான இடம். அது இல்லாவிட்டால், ‘இன்னும் கொஞ்சம் சேர்’ என்று நீங்கள் சொல்லும்போது பிள்ளை முழுவதையும் மறுபடி எழுதவேண்டி வரும். அதைத் தவிர்க்கவே பலர் எதையும் சேர்க்க மாட்டார்கள்.

அழிறப்பரும் திப்பெக்ஸும் மேசையில் இருக்கக்கூடாது. பிழையென்றால் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுத் தொடரட்டும். வெட்டிய சொல் பின்னர் தேவைப்படலாம், அழித்த சொல் திரும்பி வராது.

உங்களுக்கும் ஒரு கொப்பி வேண்டும், பிள்ளைக்கு ஒரு பக்கமாக. இந்தக் கிழமை அந்தப் பிள்ளைக்குச் சொன்ன ஒரே ஒரு விடயத்தைத் திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஐந்து கிழமையும் அதே பிள்ளைக்கு அதே ஆலோசனை போகும்.

நேரம்: கிழமைக்கு ஒரு நாள், மாறாத நாள். இரட்டைப் பாடவேளை கிடைத்தால் நல்லது. இடைவேளைக்கு முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் கடைசிப் பாடவேளையில் எழுதக் கொடுத்தால் கொப்பி விசிறியாகத்தான் பயன்படும்.

பகுதித் தலைவருக்கும் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் முன்பே சொல்லிவையுங்கள்: ஆறு நிமிடம் சத்தம் இருக்கும், பிறகு அடங்கிவிடும்.

2. தலைப்பு கைக்குள் அடங்கவேண்டும்

இந்தப் படி தவறினால் பின்வரும் எதுவும் கைகொடுக்காது. ஆகவே முதல் மூன்று கிழமையும் இதற்கே கூடுதல் நேரம் கொடுங்கள்.

‘எனது ஊர்’, ‘மழைக்காலம்’, ‘உழவுத் தொழில்’ போன்ற தலைப்புகள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவை. இவ்வளவு பெரிய விடயத்தில் தன்னுடையது எது என்று பிள்ளைக்குத் தெரியாது. அதனால் கேட்டுப் பழகிய வசனத்தை எடுக்கும். இங்கே அதன் அடையாளம் ‘மீன்பாடும் தேன்நாடாம் எங்கள் மட்டுமாநகர்’ என்ற முதல் வரி. கொப்பிக்குக் கொப்பி அது இருக்கும். அந்த வரியில் குற்றமில்லை. ஆனால் நிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருந்து, துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையில் காது வைத்து மீன் பாடுவதைக் கேட்ட பிள்ளை வகுப்பில் எத்தனை? கேட்டவர் இருந்தால் அவர் அதையே எழுதட்டும். மற்றவர்களுக்கு அது இரவல்.

சுருக்குவதற்கு மூன்று வெட்டு: பொருள், அதற்குள் ஒரு மூலை, அந்த மூலையில் ஒரு நேரம்.

வாவி. அதற்குள் பழைய பாலம். அதற்குள், பின்னேரம் ஐந்தரைக்குத் தூண்டில் போடுகிறவரின் வாளிக்குள் கிடப்பது.

வேளாண்மை. அதற்குள் களவெட்டி, நெல் சூடடிக்கும் இடம். அதற்குள், நெல்லை மூட்டை கட்டி ஏற்றிய பிறகு அங்கே வந்து பொறுக்குகிற கோழிகள். (வெட்டும் மெசின் வந்தபின் களவெட்டியையே காணாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு மெசின் வயலுக்குள் இறங்கும் நேரம்.)

நோன்பு. அதற்குள் நோன்பு துறக்கும் பாய். அதற்குள், பாங்கு சொல்ல முந்திய ஐந்து நிமிடம்.

வைகாசிச் சடங்கு. அதற்குள் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி நடக்கும் இரவு. அதற்குள், சனத்துக்குள் செருப்பைத் தேடியது.

மருதமுனைப் பிள்ளைக்குக் கைத்தறி என்றால் தலைப்பு ‘கைத்தறி’ ஆகாது. நூல் அறுந்தபோது தறி நின்றதே, அதுதான் தலைப்பு.

சரியாகச் சுருங்கியதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: ‘இதைப் பார்க்க ஒரே இடத்தில நின்டு தலையைத் திருப்பினாப் போதுமா?’ நடந்து போய்ப் பார்க்கவேண்டியிருந்தால் தலைப்பு இன்னும் பெரியது.

கிழமைக்கு மூன்று தலைப்புக் கொடுங்கள். நாலாவதாக ‘நீயே தெரிவு செய்’ என்பதும் இருக்கட்டும். ஒரே தலைப்பு என்றால் அந்த அனுபவம் இல்லாத பிள்ளை பொய் எழுதும். எதையும் எழுதலாம் என்றால் யோசிப்பதிலேயே பாடவேளை கரையும். தலைப்பு வைக்குமுன் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பிள்ளைகளுக்குக் கடற்கரையையும், கடலோரப் பிள்ளைகளுக்கு யானைக் காவலையும் கொடுத்துவிட்டுக் கற்பனை போதாது என்று குறைசொல்வதில் நியாயமில்லை.

3. எழுதுமுன் பேச்சு: ஆறு நிமிடம்

பக்கத்தில் இருப்பவரோடு இருவர் இருவராக. ஒருவர் மூன்று நிமிடம் சொல்ல மற்றவர் கேட்பார், பிறகு மாறுவார்கள். கேட்பவர் வெறுமனே தலையாட்டக்கூடாது. அவருக்கு மூன்று கேள்வி உண்டு. கரும்பலகையின் ஓரத்தில் எழுதி அழிக்காமல் விடுங்கள்:

‘அப்ப நீ எங்க நின்ட?’
‘என்ன சத்தம் கேட்ட?’
‘மறுகா என்ன?’

மூன்றாவதுதான் வேலை செய்கிற கேள்வி. கதை சொல்லும் எந்த அம்மம்மாவிடமும் மூத்தம்மாவிடமும் பிள்ளைகள் கேட்டுப் பழகிய கேள்வி அது. அதனால் பயமின்றிப் பதில் வரும். ‘அதன்பின் யாது நிகழ்ந்தது என விளக்குக’ என்று கேட்டுப் பாருங்கள், வாய் மூடிக்கொள்ளும்.

இங்கே இரண்டு பிழை நடக்கும். ஒன்று, ஒரு பிள்ளையை எழுப்பி முழு வகுப்புக்கும் சொல்ல விடுவது. மற்ற 34 பேரும் சும்மா இருப்பார்கள், பிறகு அந்தக் கதையையே எல்லாரும் எழுதுவார்கள். மற்றது, பேச்சு நன்றாகப் போகிறதே என்று பத்து நிமிடம் விடுவது. முழுவதும் சொல்லி முடித்த கதையைப் பிள்ளை மறுபடி எழுத விரும்பாது, அதன் ருசி வாயிலேயே முடிந்துவிடும். சுவையான இடத்தில் மணியை அடித்து நிறுத்துங்கள். முறுமுறுப்பார்கள். அந்த முறுமுறுப்போடுதான் பேனையை எடுக்கவேண்டும்.

சோடியை நான்கு கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். உயிர்ச் சிநேகிதரைச் சேர்த்து விடாதீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும், கேள்வி வராது.

4. பட்டியல்: ஐந்து நிமிடம்

கொப்பியின் மேல்பகுதியில் பத்துச் சொல். பொருளின் பெயராகவோ செயலாகவோ இருக்கவேண்டும். அவற்றில் குறைந்தது மூன்று கண்ணால் காணாதவையாக இருக்கட்டும்: சத்தம், மணம், சூடு, குளிர்.

‘அழகான’, ‘இனிமையான’, ‘கண்கொள்ளாக் காட்சி’, ‘இயற்கை அன்னை’ ஆகியவற்றுக்கு இந்தக் கட்டத்தில் தடை. காரணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: ‘அழகான தோணி’ என்றால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ‘தார் பூசின தோணி’ என்றால் மணமே வந்துவிடும்.

பத்தையும் எழுதியபின் மூன்றை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். மிச்சம் ஏழையும் விட்டுவிடலாம். பத்தையும் நுழைக்கப் பார்க்கும் பிள்ளையின் எழுத்து கடைச் சாமான் துண்டு மாதிரி ஆகிவிடும்.

5. முதல் வரைவு: பன்னிரண்டு நிமிடம்

மணி அடித்ததும் எல்லாரும் எழுதத் தொடங்கவேண்டும், நீங்களும்தான். கரும்பலகையிலோ உங்கள் கொப்பியிலோ அதே தலைப்பில் எழுதுங்கள், வெட்டுங்கள், தடுமாறுங்கள். ஆசிரியர் தடுமாறுவதைக் கண்ட வகுப்பில் பிள்ளைகளின் கை லேசாகும். ஒரு நன்மை கூடவே வரும்: நீங்கள் எழுதிக்கொண்டிருந்தால் மேசைக்கு மேசை போய் எட்டிப் பார்க்க மாட்டீர்கள். தோளுக்குப் பின்னால் ஆசிரியர் நின்றால் எந்தப் பிள்ளையின் பேனையும் நகராது.

எழுத்துத் தெரியாத சொல்லைச் சத்தத்தின்படி எழுதி அடியில் கோடிட்டுவிட்டு மேலே போகட்டும். ‘டீச்சர், இதுக்கு எந்த ழானா?’ என்ற கேள்விக்கு இப்போது பதில் இல்லை என்று முன்பே அறிவித்துவிடுங்கள்.

ஏன் பன்னிரண்டு? ஐந்து நிமிடத்தில் பிள்ளை முதல் வரியைத்தான் யோசித்திருக்கும். இருபது நிமிடம் கொடுத்தால் கெட்டிக்காரர் முடித்துவிட்டுக் கதைப்பார், மற்றவர் களைப்பார். முதல் இரண்டு கிழமை எட்டு நிமிடத்தில் தொடங்கிப் பன்னிரண்டுக்கு ஏற்றுங்கள். ஒரு பாடவேளையின் கணக்கு: கொப்பி கொடுக்க 3, தலைப்பு 5, பேச்சு 6, பட்டியல் 5, எழுத்து 12, வாசிப்பு 9.

எழுதாமல் இருக்கும் பிள்ளைகள் மூன்று வகை. மூவருக்கும் மருந்து வேறு.

எழுத்துக்கூட்டவே சிரமப்படுபவர்: அவர் சொல்ல நீங்களோ சோடியோ நாலு வரி எழுதிக்கொடுங்கள். அதைப் பார்த்து அவர் எழுதட்டும். சொன்னது அவருடையது, ஆகவே எழுத்தும் அவருடையதே.

பிழைக்குப் பயந்தவர்: பெரும்பாலும் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர். இவருக்கு ஒரு கட்டளை கொடுங்கள்: ‘இன்டைக்கு மூன்று இடத்திலயாவது வெட்டி எழுதியிருக்கோணும்.’ வெட்டு விதியாகிவிட்டால் வெட்கம் போய்விடும்.

‘எழுத ஒன்டுமில்ல’ என்பவர்: தலைப்பு அவருக்குச் சுருங்கவில்லை என்று பொருள். இரண்டாம் படிக்குக் கூட்டிப் போங்கள். ‘காலையில வரக்குள்ள எந்த ஒழுங்கையால வந்த? அங்க என்ன கிடந்த?’ பதில் வந்ததும், ‘இப்ப சொன்னத அப்படியே எழுது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நின்று பார்க்க வேண்டாம்.

6. வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும்

முதல் வரைவில் ‘மறுகா’, ‘வட்டை’, ‘கிறுகி’ (திரும்பி) எல்லாம் வரும். இங்கே ஆசிரியர்கள் அவசரப்பட்டுக் கெடுத்துவிடுகிறார்கள். வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வந்தவர் ‘வட்டை’க்குச் சுழி போட்டு ‘வயல்’ என்று எழுதுவார். வயலுக்கு இந்தப் பக்கத்தில் இருக்கிற பெயர் வட்டை. அது பிழையல்ல, பிள்ளையிடம் இருக்கிற மிகச் சரியான சொல்.

மூன்று விதியாக வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. முதலாவது: பொருட்களின் உள்ளூர்ப் பெயர்கள் எந்த எழுத்திலும் இருக்கலாம். வட்டை, வாடி (குடிசை), களவெட்டி, அத்தாங்கு (மீன் பிடிக்கும் கைவலை) எதையும் மாற்றவேண்டியதில்லை. இரண்டாவது: ஆட்கள் பேசுவது மேற்கோள் குறிக்குள் வந்தால் பேச்சுத் தமிழில் இருக்கலாம், இருக்கவேண்டும். மூன்றாவது: கதை சொல்லும் வாக்கியத்தின் வினைமுடிவு எழுத்துத் தமிழுக்கு மாறவேண்டும், அதுவும் திருத்தி எழுதும்போது. ‘யானை வந்த’ என்று முதல் வரைவில் இருந்தால் விடுங்கள். இரண்டாம் வரைவில் ‘வந்தது’ ஆகட்டும்.

உறவுமுறைச் சொற்களில் கை வைக்கவே கூடாது. சம்மாந்துறையிலோ காத்தான்குடியிலோ பிள்ளை ‘உம்மா’, ‘வாப்பா’, ‘ராத்தா’ என்று எழுதினால் அப்படியே இருக்கவேண்டும். ‘அம்மா’ என்று மாற்றிய அந்தக் கணத்தில் கொப்பியில் இருப்பவர் வேறு யாரோ ஆகிவிடுகிறார். பிறகு அவரைப்பற்றிப் பிள்ளைக்குச் சொல்ல என்ன இருக்கும்?

7. வாசித்துக் காட்டலும் கேட்டலும்

அதே பாடவேளையின் கடைசி 9 நிமிடத்தில் மூன்று பேருக்குத்தான் வாசிக்க நேரமிருக்கும். அந்தக் கணக்கில் 35 பேரும் வாசித்து முடிக்கப் பன்னிரண்டு கிழமை, கிட்டத்தட்ட ஒரு தவணை. ஆகவே இரட்டைப் பாடவேளை கிடைக்கும் நாளில் வகுப்பைக் குழுவாகப் பிரியுங்கள்: எட்டுக் குழுவில் நாலு பேர், ஒன்றில் மூன்று பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் வைத்தால் இருபது நிமிடத்தில் எல்லாருடையதும் ஒரு காதிலாவது விழுந்துவிடும்.

எழுதியவரே வாசிக்கவேண்டும், இரண்டு தரம். முதல் தரம் கேட்பவர்கள் பேனையைத் தொடக்கூடாது. இரண்டாம் தரம் தங்கள் மனதில் தங்கிய ஒரு சொல்லைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு இந்த ஒழுங்கில் பேசுவார்கள்: ‘எனக்கு ஞாபகம் நிற்பது இது’, அடுத்து ‘எனக்கு இன்னும் தெரிய வேண்டியது இது’. அவ்வளவுதான். ‘நல்லா இரிக்கு’, ‘சரியில்ல’ இரண்டுக்கும் இடமில்லை. ‘நல்லா இரிக்கு’ என்பதை வைத்துக்கொண்டு பிள்ளையால் அடுத்து எதையும் செய்ய முடியாது. ‘வாளிக்குள்ள கிடந்த நண்டு ஞாபகம் நிக்கி’ என்றால், நண்டைப்பற்றி எழுதியது சரி என்று புரிந்துகொள்ளும்.

வாசிக்க மறுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பக்கத்தை மடித்து வைத்தால் அது ஆசிரியருக்கு மட்டும் என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். இந்தக் கரையில் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 பல வீடுகளில் இன்னும் பேசப்படாத நாள். யுத்தத்தில் காணாமற்போனவர்களும், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாய்மாரும் பிள்ளைகளின் எழுத்தில் திடீரென்று வந்து நிற்பார்கள். நீங்களாக அவற்றைத் தலைப்பாக வைக்காதீர்கள். தானாக வந்தால் எழுத்தைப்பற்றி எதுவும் சொல்லாமல், ‘வாசிச்சன் மகள்’ என்று ஒரு சொல். வீட்டில் அடி, பயம், துன்புறுத்தல் என்று எழுதியிருந்தால் அதை வெறும் எழுத்தாகப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே அதிபருக்கும் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கும் சொல்லவேண்டும். அந்தப் பக்கம் மட்டும் ஒப்பந்தத்துக்குள் அடங்காது என்பதை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

8. திருத்தி எழுதல்: ஒரு தடவைக்கு ஒரு விடயம்

ஒழுங்கு இது: முதலில் விடயம், பிறகு அடுக்கு, பிறகு வாக்கியம், கடைசியில் எழுத்து. வீட்டுச் சுவர் கட்டி முடியுமுன் வெள்ளையடிப்பவர் இல்லை. பிறகு நீக்கப்போகிற வாக்கியத்துக்கு ஒற்றுத் திருத்துவதும் அப்படியான வேலைதான்.

ஓர் உதாரணம். தரம் 7 மட்டத்தில் வரக்கூடிய முதல் வரைவு:

‘எங்கட வட்டைக்கு இரவு யானை வந்த. எல்லாரும் பயந்தோம். வாப்பா யானை வெடி போட்டார். யானை போயிற்று. மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.’

இதில் பிழை தேடினால் ஒன்றிரண்டுதான் கிடைக்கும். ஆனால் யானை இதில் இல்லை. அதற்காக ‘வர்ணித்து எழுது’ என்று சொன்னால் ‘மலைபோன்ற கரிய பெரிய யானை’ வந்து சேரும். கேள்வியாகக் கேளுங்கள்: யானை வந்ததென்று எப்படித் தெரிந்தது? வெடி எங்கே இருந்தது? விடிந்ததும் என்ன கிடந்தது? வெறும் வரிகளில் பதிலை எழுதச் சொல்லுங்கள். மறுமுறை இப்படி வரலாம்:

‘வாடிக்குள் படுத்திருந்தோம். கதிர் முறிகிற சத்தம் கேட்டது. வாப்பா டோர்ச் அடிக்கவில்லை. “பேசாம இரு” என்றார். சாக்கில் சுற்றி வைத்திருந்த வெடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெடித்த பிறகு கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விடிய வரம்பில் பார்த்தோம். அதன் ஒரு காலடித் தடத்துக்குள் என் இரண்டு பாதமும் அடங்கியது.’

‘பயந்தோம்’ போய்விட்டது, பயம் இருக்கிறது. ‘மகிழ்ச்சியாக இருந்தது’ என்ற கடைசி வரியும் போய்விட்டது. இந்த இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது போயிற்று, எது வந்தது என்று வகுப்பையே கண்டுபிடிக்க விடுங்கள். ஒரு பாடவேளை முழுக்க இதற்குக் கொடுத்தாலும் வீணில்லை.

உங்கள் பேனையால் பிள்ளையின் வாக்கியத்தை மாற்றி எழுதாதீர்கள். ஒரு பந்திக்கு ஒரு கேள்வி, ஓரத்தில், பென்சிலால். இரண்டாவது கேள்வி வந்தால் அதை உங்கள் கொப்பியில் அடுத்த கிழமைக்குக் குறித்துவையுங்கள்.

எல்லா வரைவையும் திருத்தி எழுத வேண்டியதில்லை. நாலு எழுதினால் பிள்ளையே ஒன்றைத் தெரிந்து அதை மட்டும் மறுபடி எழுதும். மற்ற மூன்றும் பயிற்சிக்கு.

9. எழுத்துப்பிழைக்கு எப்போது, எப்படி

தெரிந்தெடுத்த அந்த ஒன்றுக்கு மட்டும். சிவப்பு வேண்டாம். பிழையிருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு பிழை என்றால் இரண்டு புள்ளி. எங்கே என்று பிள்ளையே தேடும். திருத்திக் கொடுத்ததைப் பிள்ளை பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடும், தேடிப் பிடித்ததை மறக்காது.

இங்கே அடிக்கடி வருபவை சிலதான். ழ, ள இரண்டும் பேச்சில் ஒன்றாகிவிட்டதால் ‘மளை’, ‘வாளைப்பளம்’. காதால் பிரிக்க முடியாததைப் பலமுறை உச்சரித்துக் காட்டிப் பயனில்லை. கண்ணுக்குப் பழக்கவேண்டும்: வலி, வளி, வழி. கரை, கறை. மனம், மணம். சொல்லை வசனத்தோடு சுவரில் ஒட்டுங்கள், ‘தோணி கரைக்கு வந்தது, சேட்டில் கறை பட்டது’ என்று.

ஒற்றுக்கு முதல் தவணையில் இரண்டே விதி: அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பிறகும், ‘ஐ’, ‘கு’ உருபுகளுக்குப் பிறகும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். அந்தப் பாலம், வலையைத் தூக்கினார், வயலுக்குப் போனோம். பிள்ளையின் எழுத்தில் வரும் ஒற்றுப்பிழையில் பெரும்பங்கு இதற்குள் அடங்கிவிடும். மூன்றாவது, ‘மாடுகள் மேய்ந்தது’. பன்மை அஃறிணைக்கு ‘மேய்ந்தன’. இதை இரண்டாம் தவணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிழமைக்கு 12 கொப்பி போதும். கொப்பிக்கு மூன்று நிமிடம், மொத்தம் 36 நிமிடம். 35ஐயும் ஒரே இரவில் பார்க்க உட்காரும் ஆசிரியர் பத்தாவது கொப்பிக்குப் பிறகு ‘நன்று’ என்று மட்டும் எழுதுவார். தவணை முடியுமுன் அந்தப் பழக்கமும் நின்றுவிடும்.

10. வாசகர் வேண்டும்: கையெழுத்துச் சஞ்சிகை

ஆசிரியர் ஒருவருக்காக மட்டும் எழுதும் பிள்ளை அவருக்குப் பிடிப்பதைத்தான் எழுதும். ஆகவே எட்டாவது கிழமையளவில் ஒரு சஞ்சிகை. செலவு குறைவு, கணக்கு மட்டும் சரியாக வேண்டும்.

ஏ4 தாள் 5 எடுத்து நடுவில் மடித்தால் 20 பக்கம். முன்னட்டையும் பின்னட்டையும் போக 18. பக்கத்துக்கு இருவர் என்றால் 36 இடம். 35 பிள்ளைகள், மிச்ச இடம் உங்கள் எழுத்துக்கு. அரைப் பக்கத்தில் பத்து, பதினொரு வரி கொள்ளும், ஏறத்தாழ 50 முதல் 60 சொல். இந்த எல்லையை முன்பே சொல்லிவிட்டால் பிள்ளைகளே தேவையற்றதை வெட்டப் பழகுவார்கள்.

பக்க எண்ணில்தான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். மடித்த தாள்களை விரித்தால் ஒரு தாளின் ஒரே முகத்தில் இருக்கும் இரண்டு எண்ணின் கூட்டுத்தொகை எப்போதும் 21 வரவேண்டும். முதல் தாள்: முன்பக்கம் 20, 1, பின்பக்கம் 2, 19. இரண்டாவது: 18, 3; 4, 17. மூன்றாவது: 16, 5, 6, 15. நாலாவது: 14, 7, 8, 13. ஐந்தாவது: 12, 9, 10, 11. வெறும் தாளில் எண்ணை மட்டும் எழுதி ஒரு மாதிரிப் புத்தகம் மடித்துப் பார்த்துவிட்டு, பிறகு பிள்ளைகளிடம் கொடுங்கள்.

கறுப்புப் பேனையால் எழுதவேண்டும். நீலம் போட்டோக் கொப்பியில் மங்கும். மடிப்புப் பக்கம் 2 சென்றிமீற்றர் இடம் விடாவிட்டால் வரியின் ஓரம் மடிப்புக்குள் போய்விடும். ஒரு பிரதிக்குப் பத்து முகம் கொப்பி எடுக்கவேண்டும். ஆறு பிரதி போதும்: வகுப்புக்கு இரண்டு, நூலகத்துக்கு ஒன்று, வீடு வீடாகச் சுற்ற மூன்று. வீட்டுக்குப் போகும் பிரதியின் பின்னட்டையில் வாசித்தவர் ஒரு வரி எழுத இடம் விடுங்கள். எழுதத் தெரியாத பாட்டி சொல்ல, பிள்ளை எழுதி வந்தாலும் சரி. தரம் 3 வகுப்புக்குப் போய் உங்கள் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவதும் நல்ல ஏற்பாடு. சின்னவர்கள் அலுத்தால் நெளிவார்கள், அதைவிட நேர்மையான விமர்சனம் கிடைக்காது.

‘சிறந்ததை மட்டும் போடுவோம்’ என்ற யோசனை ஆசிரியர் அறையில் கட்டாயம் எழும். ஒத்துக்கொள்ளாதீர்கள். தன் எழுத்து இல்லாத சஞ்சிகையைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகாது.

11. புள்ளியும் போட்டியும்

வரைவுக்குப் புள்ளி வேண்டாம். தவணைக்கு ஒருமுறை, பிள்ளை தானே தெரிந்து கொடுக்கும் இரண்டு ஆக்கத்துக்கு மட்டும் புள்ளி. பேனை, கொப்பி என்று பரிசு கொடுப்பதைவிட, பிள்ளையின் ஒரு வரியை அடுத்த பாடவேளையின் தொடக்கத்தில் பெயர் சொல்லி வாசிப்பது கூடுதல் நாள் நிற்கும். யாருடைய வரியை வாசித்தீர்கள் என்பதைக் கொப்பியில் குறியுங்கள். இல்லாவிட்டால் அதே ஐந்து பேர்தான் வருவார்கள்.

தமிழ்மொழித் தினப் போட்டி அறிவித்தல் வந்ததும் பாடசாலைகள் ஒருவரைப் பிடித்துப் பாடமாக்க விடும். தயாரித்த கட்டுரையைப் பாடமாக்கிய பிள்ளை, தலைப்பு கொஞ்சம் திரும்பினாலே திக்குமுக்காடும். கொப்பிகளைப் பார்த்து ஏழெட்டுப் பேரைத் தெரியுங்கள். பாடமாக்கலுக்குப் பதில், தெரியாத தலைப்பைக் கொடுத்து மூன்று வெட்டில் சுருக்கவும் ஐந்து நிமிடத்தில் பட்டியல் போடவும் பழக்குங்கள். சாதாரண தரப் பரீட்சைக் கட்டுரைக்கும் இதே வழி உதவும்: சுருங்கிய கணங்கள் மூன்றை எழுதத் தெரிந்த பிள்ளை, அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பந்தி சேர்த்தால் கட்டுரையின் எலும்பு வந்துவிடும்.

12. இடையில் விட்டுப்போனால்

நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வந்தால் பாடசாலை பூட்டும், சில நேரம் வகுப்பறையே முகாமாகும். மழை தொடங்குமுன் வரைவுக் கொப்பிகளைப் பொலித்தீன் பையில் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். வீட்டுக்கு அனுப்பினால் நனைந்துதான் திரும்பும்.

திரும்பி வந்த முதல் நாளில் ‘வெள்ளம்’ என்று தலைப்புக் கொடுக்க வேண்டாம். சிலருக்கு அது இன்னும் வீட்டுக்குள் நிற்கிறது. அன்றைக்குப் பேச்சும் பட்டியலும் மட்டும், எழுத்து ஐந்து நிமிடம். இரண்டாம் கிழமை எட்டு நிமிடம், மூன்றாம் கிழமை பன்னிரண்டு. கொப்பி தொலைந்த பிள்ளைக்குப் புதியதைக் கொடுத்து, பழையதிலிருந்து ஞாபகமுள்ள ஒரு வரியை முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.